கஞ்சா வழக்கும் ஏழையின் வக்கீலும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் போதைப் பொருள் வழக்கு என்பதாகும். இதைச் சொன்னவுடனேயே உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. "கஞ்சா விற்கிறவனுக்குப் பரிந்து பேசவா ஒரு கூட்டம்?" என்று நினைக்கின்றீர்கள். அப்படி நினைப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகின்றோம். போதையால் குடி கெட்ட வீடுகளை நாம் அறியாதவர்களல்ல. வாலிபப் பிள்ளைகளின் அறிவையும் உடம்பையும் விற்றுப் பணம் சேர்க்கிறவனிடத்தில் நமக்கு எள்ளளவும் தாட்சண்யம் கிடையாது. ஆனால் நாம் கேட்பது இதுதான்: பிடிபட்டவனெல்லாம் விற்றவன்தானா? விற்றவனெல்லாம் பிடிபடுகின்றானா? பணம் போட்டவன் பங்களாவில் இருக்க, கூலிக்குப் பை சுமந்த பையன் கூண்டிலே நிற்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் பெரியவர்கள் சொன்னது வேறு எதற்காக?

ஆகவே நாம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. குற்றம் சாட்டப்படுவது வேறு. குற்றம் செய்திருப்பது வேறு. இவை இரண்டிற்கும் நடுவில் இருப்பது சாட்சியமும் விசாரணையும். அந்த விசாரணையில் பேசத் தெரிந்த ஒருவர் ஏழையின் பக்கத்திலும் நிற்கவேண்டும். அப்படி ஒருவரைக் கொடுக்கவேண்டியது சர்க்காரின் கடமை. கேட்டு வாங்குவது நமது உரிமை. இதைத் தெரியாமலிருப்பதனாலேயே நம்மவர்களில் எத்தனையோ பேர் ஜெயிலில் வருஷக்கணக்காய்க் கிடக்க நேரிடுகின்றது.

தோழர்களே! சட்டம் என்றால் நமது ஜனங்களுக்கு ஒரு பயம். ஏதோ வானத்திலிருந்து இறங்கியது போலவும், அதைப் படிக்க நமக்கு யோக்கியதை இல்லை என்பது போலவும் எண்ணி நடுங்குகின்றார்கள். சட்டம் மனிதன் செய்தது. வெள்ளைக்கார சர்க்கார் இந்த நாட்டை ஆண்டபோது அபினுக்கும் கஞ்சாவுக்கும் லைசென்சுக் கடை வைத்து விற்று, அதிலே கலால் வருமானம் எடுத்தார்கள். கஞ்சாவைப் பற்றி விசாரிக்க 1893-94இல் ஒரு கமிஷனே போட்டார்கள். பிறகு உலக நாடுகள் 1961இல் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு 1985ஆம் வருஷம் நமது பார்லிமெண்டார் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் என்பதைச் செய்தார்கள். அது அவ்வருஷம் நவம்பர் 14ஆம் தேதி அமுலுக்கு வந்தது. 1989இலும் 2001இலும் 2014இலும் அதைத் திருத்தினார்கள். நேற்று கடையில் விற்ற சரக்கு இன்று குற்றமாகியிருக்கின்றது என்றால் அது மனிதர் கூடி யோசித்துச் செய்த ஏற்பாடே ஒழிய வேறல்ல. மனிதன் எழுதியதை மனிதன் படிக்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் உயிர்நிலை எது என்று கேட்டால், எடைதான் என்று சொல்லுவோம். பொருள் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் தண்டனை. சிறு அளவு, வணிக அளவு, இரண்டிற்கும் இடைப்பட்ட அளவு என்று மூன்று படி வைத்திருக்கின்றார்கள். கஞ்சாவானால் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. ஹெராயின் என்பதற்கு 5 கிராமும் 250 கிராமும். அபினுக்கு 25 கிராமும் இரண்டரைக் கிலோவும். சிறு அளவுக்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்டதற்கு 10 வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்றாகிவிட்டாலோ, 10 வருஷத்திற்குக் குறையாமல் 20 வருஷம் வரை சிறை. அபராதமும் ஒரு லட்சத்திற்குக் குறையாது.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். 19 கிலோ கஞ்சா என்றால் நீதிபதி ஒரு வருஷமும் போடலாம், இரண்டு வருஷமும் போடலாம். 21 கிலோ என்றால் அவரே இரக்கப்பட்டாலும் பத்து வருஷத்திற்குக் குறைக்க முடியாது. இரண்டு கிலோவில் ஒரு மனிதனுடைய வாலிபமே போய்விடுகின்றது! அப்படியிருக்க, எடை போட்டது யார், எங்கே போட்டார்கள், சாக்கோடு போட்டார்களா, சாக்கை நீக்கிப் போட்டார்களா என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? சட்டப்படி கஞ்சா என்பது அந்தச் செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பாகந்தான். அந்த நுனி சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சாக் கணக்கில் சேராது. இதை எந்தப் பையனுக்குத் தெரியும்? ஆனால் ஹெராயின் போன்ற சரக்கில் வேறு மாவைக் கலந்திருந்தால், அந்த மாவையும் சேர்த்தே மொத்த எடை கணக்கிடப்படும் என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்கள். நமக்குச் சாதகமானது எது, பாதகமானது எது என்று இரண்டையும் அறிந்தவர்தான் வக்கீல்.

நிற்க, ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். ஒரு லாரி கிளீனர் பையன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவனோ ஒருவன் வந்து, "தம்பி, இந்த மூட்டையை அடுத்த ஊர் பஸ் நிலையத்தில் என் அண்ணனிடம் கொடுத்துவிடு, ஐந்நூறு ரூபாய் தருகின்றேன்" என்கின்றான். பையனும் ஏற்றிக்கொள்ளுகின்றான். வழியில் சோதனை. மூட்டைக்குள் கஞ்சா. கொடுத்தவனும் இல்லை, வாங்க வேண்டியவனும் இல்லை. பையன் மாத்திரம் இருக்கின்றான். "எனக்குத் தெரியாது" என்று அழுகின்றான். தெரியாது என்றால் விட்டுவிடுவார்களா? மாட்டார்கள். ஏனென்றால் மற்ற வழக்குகளில் இல்லாத ஒரு கடுமை இந்தச் சட்டத்தில் இருக்கின்றது. பொருள் உன் வசம் இருந்ததென்று ருசுவாகிவிட்டால், அறிந்தே வைத்திருந்தாய் என்று கோர்ட்டு அனுமானிக்கலாம். அறியவில்லை என்று காட்டும் பாரம் உன் தலையிலே விழுகின்றது. ஆனால் அந்த அனுமானம் பிறப்பதற்கு முன்னால், பொருள் உண்மையாகவே அவன் வசம் இருந்தது, அதை முறைப்படி பிடித்தார்கள், பிடித்ததைத்தான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள் என்ற அடிப்படை விஷயங்களைச் சர்க்கார் தரப்புதான் முதலில் ருசுப்படுத்தவேண்டும் என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லியிருக்கின்றார்கள். அந்தப் பையனுக்கு இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்லுவது?

இனி, சோதனை போடுகிற விஷயம். ஒருவன் உடம்பைச் சோதிக்க வருகிற அதிகாரி, "உன்னை மாஜிஸ்ட்ரேட்டிடமோ கெஜட்டில் பதிவு பெற்ற அதிகாரியிடமோ கூட்டிப்போய்ச் சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று முதலில் சொல்லியாகவேண்டும். இது 50ஆவது பிரிவு. இதைச் சொல்லாமல் உடம்பில் எடுத்த பொருளைக் கொண்டு தண்டிக்கக்கூடாது என்று 1999இலும் 2010இலும் ஐந்து நீதிபதிகள் கூடிய பெஞ்சுகள் வற்புறுத்தியிருக்கின்றன. பெண்ணைப் பெண்தான் சோதிக்கவேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த உரிமை உடம்பைச் சோதிப்பதற்கு மாத்திரந்தான். கையிலுள்ள பைக்கும் வண்டிக்கும் கிடையாது. அவற்றிற்கு வேறு விதிகள் உண்டு. துப்புக் கிடைத்தால் அதை எழுதி வைத்து 72 மணி நேரத்திற்குள் மேலதிகாரிக்கு அனுப்பவேண்டும். பிடித்த 48 மணி நேரத்திற்குள் மேலதிகாரிக்கு அறிக்கை போகவேண்டும். பிடித்த சரக்கிற்குப் பட்டியல் போட்டு, மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறிவிட்டால் உடனே வழக்கு உடைந்துவிடும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். சில தவறுதல் வழக்கையே முறிக்கும், சில முறிக்காது. எது எந்த ரகம் என்று பார்த்துச் சொல்லுவதற்குத்தான் படித்தவன் துணை வேண்டுமென்கின்றோம்.

அடுத்தபடியாக, கையெழுத்துப் போடுகிற சங்கதி. பிடித்துக்கொண்டு போன இடத்தில், "இதில் ஒரு கையெழுத்துப் போடு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்றால், நம்மவன் என்ன எழுதியிருக்கிறதென்று கூடப் பார்க்காமல் போட்டுவிடுகின்றான். வெற்றுக் காகிதத்திலும் போடுகின்றான். தோழர்களே! போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது பழைய சட்டம். போதைப் பொருள் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலத்திற்கு அந்த விதி பொருந்துமா என்று வெகு காலம் சர்ச்சை நடந்தது. நமது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2020ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், அவர்களும் போலீசாரைப் போன்றவர்களே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதலும் செல்லாது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பு அது. ஆனாலும் அந்தக் காகிதத்தைக் கொண்டு வேறு சாட்சியம் தேடலாம். ஆதலால் படிக்காமலும் படித்துக் காட்டாமலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனக்குத் தானே விரோதமாய்ச் சாட்சி சொல்ல எவனையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது நமது அரசியல் சட்டம். வாயை மூடிக்கொண்டிருப்பது குற்றமல்ல. ஆனால் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லாதீர்கள், ஓடாதீர்கள், கை ஓங்காதீர்கள். அவை புதுச் சங்கடத்தையே கொண்டுவரும்.

கைதானவனை ஏன் கைது செய்தோம் என்று சொல்லவேண்டும். அவன் குறிப்பிடுகிற உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்கவேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விடவேண்டும். முழு நேரமும் வக்கீல் கூடவே இருக்கமுடியாது, ஆனால் சந்திக்கலாம். பிரயாண நேரம் போக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகவேண்டும். மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிற்கிற அந்த இரண்டு நிமிஷந்தான் முக்கியமான நேரம். அங்கே நம்மவன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கின்றான். அப்படி நிற்கக்கூடாது. "அய்யா, எனக்கு வக்கீல் இல்லை, சர்க்கார் செலவில் ஒரு வக்கீல் வேண்டும்" என்று சொல்லவேண்டும். அடித்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டு போனாலே இன்றையக் கூட்டம் நடந்ததற்குப் பலன் உண்டு.

இது பிச்சையா? அல்லவே அல்ல. 1976ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் 39-அ என்ற விதி வந்தது. பணமில்லை என்ற காரணத்தால் ஒருவனுக்கு நியாயம் மறுக்கப்படக்கூடாது என்பது அதன் கருத்து. 1979இல் பீகார் ஜெயில்களில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்காய்க் கிடந்தவர்கள் வழக்கில், ஏழைக்கு வக்கீல் கொடுப்பது உயிர் உரிமையைச் சேர்ந்தது என்று நீதிபதி பகவதி தீர்ப்புச் செய்தார். பிறகு 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் செய்யப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கின்றது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், அங்கஹீனமானவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியவர்களுக்கெல்லாம் வக்கீல் இலவசம். அன்றியும் காவலில் இருக்கிற எவனுக்கும், அவன் வருமானம் எவ்வளவென்று பாராமலே இலவசம்.

எங்கே போய்க் கேட்பது? ஜில்லாக் கோர்ட்டுக் கட்டடத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கின்றது. தாலுகாக் கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கின்றது. ஒரு வெள்ளைத் தாளில் கைதானவன் பெயர், எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, எந்த ஜெயில் என்று எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ளுவார்கள். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். ஜெயிலுக்குள்ளேயும் சட்ட உதவி மையம் உண்டு. "காசு வாங்காத வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்லவரும் இருப்பார், அசட்டையாய் இருப்பவரும் இருப்பார். இந்தக் குறைக்காகவே 2022 முதல் நாட்டின் பல ஜில்லாக்களில் கிரிமினல் வழக்குகளை மாத்திரம் பார்க்க முழு நேர வக்கீல்களை நியமித்து வருகின்றார்கள். நியமிக்கப்பட்டவர் வழக்கைக் கவனிக்காவிட்டாலும், உங்களிடம் பணம் கேட்டாலும், அதே ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள். சட்டம் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை உங்கள் வரிப்பணத்திலிருந்துதான் கொடுக்கின்றது.

இனி ஜாமீனைப் பற்றிச் சொல்லுகின்றோம். வணிக அளவு வழக்கில், இவன் குற்றவாளியல்ல என்று நம்ப இடமிருக்கிறது, வெளியில் போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டாலொழிய ஜாமீன் கிடைக்காது. இது 37ஆவது பிரிவு. சிறு அளவுக்கும் இடைப்பட்ட அளவுக்கும் இந்தப் பூட்டு இல்லை. வணிக அளவிலும், விசாரணை முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனால் அதையே காரணமாகக் கொண்டு ஜாமீன் கொடுக்கலாம் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லியிருக்கின்றார்கள். மற்றொரு வாசலும் இருக்கின்றது. வணிக அளவு வழக்கில் 180 நாளைக்குள் குற்றப் பத்திரிகை தாக்கலாகவேண்டும்; சர்க்கார் வக்கீல் காரணம் காட்டிக் கேட்டால் கோர்ட்டார் ஒரு வருஷம் வரை நீட்டலாம். மற்ற வழக்குகளில் குற்றத்தைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள். கெடு தாண்டியும் பத்திரிகை வரவில்லையானால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் தானாக வராது; மனுப் போட்டுக் கேட்கவேண்டும். நீங்கள் கேட்பதற்கு முன் பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே நாளை எண்ணுங்கள். காலண்டரில் கோடு போட்டு எண்ணுங்கள். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கத் தெரிந்த நமக்கு, பிள்ளை ஜெயிலுக்குப் போன நாளை எண்ணத் தெரியாதா?

ஆனால் நம்மவர்கள் என்ன செய்கின்றார்கள்? மகன் ஜெயிலுக்குப் போனவுடன் ஒருவர் ஜோசியனிடம் ஓடுகின்றார். ஏழரைச் சனி, இரண்டரை வருஷம் கழித்துத்தான் விடுவு என்று அவன் சொல்லிவிடுகின்றான். இவரும் விதி என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகின்றார். கெடு தாண்டுகின்றது; மனுப் போட ஆளில்லை. சனியா அவனை உள்ளே வைத்தது? மற்றொருவர் கோர்ட்டு வாசலில் நிற்கிற தரகனிடம் போகின்றார். "எனக்கு உள்ளே ஆள் தெரியும், ஒரு லட்சம் வைத்தால் முடித்துவிடலாம்" என்று அவன் சொல்ல, தாலியையும் மாட்டையும் விற்றுக் கொடுக்கின்றார். பணம் போன பிறகு தரகனும் போய்விடுகின்றான். கொடுத்தது லஞ்சமானதால் வெளியில் சொல்லவும் முடிவதில்லை. அந்தப் பணத்தில் ஒரு காசும் இல்லாமலே ஆணைக்குழுவின் கதவைத் தட்டியிருக்கலாமே! ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீன் கொடுக்க வழியில்லாமல் ஏழு நாள் உள்ளேயே கிடந்தால், ஜெயில் அதிகாரி அதை ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கூட 2023இல் உத்தரவு பிறந்திருக்கின்றது. இவ்வளவு ஏற்பாடும் இருந்து, தெரியாமையினாலே பயனற்றுப் போகின்றது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை விற்கிறவனல்ல, பழக்கத்திற்கு அடிமைப்பட்டவன் என்றால், ஒளித்து வைக்காதீர்கள். சொந்த உபயோகத்திற்காகவோ சிறு அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்டவன், தானாக முன்வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் அங்கீகாரம் பெற்ற இடத்திலோ வைத்தியம் செய்துகொண்டால், அவன்மேல் வழக்கு நடவாது என்று 64-அ பிரிவு சொல்லுகின்றது. வைத்தியத்தை நடுவில் விட்டுவிட்டால் மாத்திரம் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். 14446 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம். பையன் 18 வயதுக்குக் குறைந்தவனானால் அவனை லாக்கப்பிலும் ஜெயிலிலும் வைக்கக்கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் கொண்டுபோகவேண்டும். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டை உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் வண்டியில் சரக்குப் பிடிபட்டால் வண்டியும் பறிமுதலாகும். எனக்குத் தெரியாமல் நடந்தது, தக்க எச்சரிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று நீங்கள்தான் காட்டவேண்டும். ஆகவே இன்னார் சரக்கு, எங்கிருந்து எங்கே என்று எழுதாத மூட்டையை ஏற்றாதீர்கள். அந்தக் கிளீனர் பையனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, நமது மாகாணத்திற்கென்று 1982இல் செய்த 14ஆவது சட்டம் ஒன்று இருக்கின்றது. குண்டர் சட்டம் என்பார்கள். போதைப் பொருள் குற்றவாளி என்று சொல்லி, விசாரணையில்லாமலே ஒரு வருஷம் வரை காவலில் வைக்கலாம். ஜாமீன் கிடைக்கிற சமயத்தில் இது வந்து விழுவதுமுண்டு. அப்பொழுதும் கை சோர்ந்துவிடக்கூடாது. காவல் உத்தரவின் காரணங்களையும் தஸ்தாவேஜுகளையும் அவனுக்குப் புரிகிற பாஷையில் கொடுக்கவேண்டும். சர்க்காருக்கு ஆட்சேப மனுப் போடலாம். ஐக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். அதற்கும் இலவச வக்கீல் உண்டு.

தோழர்களே! நாம் குற்றவாளியைத் தப்பவைக்கச் சொல்லவில்லை. குற்றம் செய்தவன் விசாரணையின் பேரில் தண்டனை அடையட்டும். ஆனால் விசாரணை என்பது இரண்டு பக்கமும் பேசுவதாகும். ஒரு பக்கம் சர்க்கார் வக்கீல், மறுபக்கம் வாயில்லாப் பூச்சி என்றால் அதற்கு விசாரணை என்று பெயர் வைப்பது பித்தலாட்டமல்லவா? பணக்காரன் பத்து வக்கீல் வைத்தால் அது அவன் சாமர்த்தியம், ஏழை ஒரு வக்கீல் கேட்டால் அது குற்றவாளிக்குப் பரிவு என்று பேசுகிறவனை நம்பாதீர்கள்.

ஆகவே இன்று இங்கிருந்து போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஊருக்கு இரண்டு பேர், தங்கள் ஜில்லாவின் ஆணைக்குழு அலுவலகம் எங்கே இருக்கிறதென்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 15100 என்ற எண்ணை டீக்கடைச் சுவரிலும், சலூனிலும், லாரி ஷெட்டிலும் எழுதி வையுங்கள். யாராவது பிடிபட்டால், அவன் எந்த ஜாதி, எந்தக் கட்சி என்று விசாரிப்பதற்கு முன்னால், அவனுக்கு வக்கீல் இருக்கின்றதா என்று விசாரியுங்கள்.